அக்காவின் பாதி, என் பாதி

பிப்ரவரி 3

நாளை தயாரிப்பாளரிடம் கதை சொல்ல வேண்டும். வழக்கம்போல இடைவேளை வரை அக்கா, அதற்குப் பிறகு நான். எழுதுவதும் அப்படித்தான். முடிச்சுப் போடுவது அவர், அவிழ்ப்பது நான். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, என் ஓர்ப்படி, இவருடைய அண்ணன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். "அடுப்படியில ஒத்துப்போகாதவங்க சினிமாவுல எப்படித்தான் ஒத்துப்போறீங்களோ" என்பார் அத்தை. மூன்று படம் ஒத்துத்தான் போயிருக்கிறோம். இருந்தும் என் பாதியை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பிப்ரவரி 4

எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 5

நடந்ததை எழுதிவிடுகிறேன். அக்கா சொல்லும்போது தயாரிப்பாளர் டீயைக்கூடத் தொடவில்லை. கதாநாயகனின் அண்ணன் சாகிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் முறை வந்தது. இரண்டாவது காட்சியிலேயே மனிதர் செல்போனை எடுத்துவிட்டார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பதற்றத்தில், எழுதாத ஒன்றைச் சொன்னேன் — அண்ணன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான் என்று. அக்கா அவ்வளவு பாடுபட்டுக் கொன்றவனை நான் ஒரே வரியில் எழுப்பி உட்கார வைத்துவிட்டேன்.

"செத்தவன் எப்படிம்மா வந்தான்?"

உளறினேன். எழுதியதை மாற்றிச் சொல்வதில்லை என்பது ஒன்றுதான் எங்களுக்குள் சட்டம். காரில் அக்கா என் பக்கம் திரும்பாமல் கதைத்தாள்களை அடுக்கிக்கொண்டே வந்தார். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

பிப்ரவரி 11

இன்னும் பேச்சில்லை. பாலைத் தீய விட்டேன்.

பிப்ரவரி 19

கதையை எடுத்துக்கொண்டார்களாம். அக்கா மட்டும் எழுத வேண்டுமாம், இரண்டாம் பாதியைப் புதிதாக. இவர் சொல்லித்தான் தெரிந்தது. இவருக்கு இவர் அண்ணன் சொன்னாராம். நாலு படி இறங்கி என்னிடம் சொல்ல முடியாதா?

சாயங்காலம் அக்காவே வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். சொல்லல. எனக்கும் தனியா எழுதிப் பாக்கணும்னு இருந்துச்சு. ரொம்ப நாளாவே."

எழுதுங்கக்கா என்றேன். வேறென்ன சொல்ல? ரொம்ப நாளாவேயாம். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 2

அக்கா நடந்துகொண்டே யோசிப்பவர். தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நின்றால் எங்கேயோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். இன்று ரொம்ப நேரம் நின்றார். எப்படி அவிழ்ப்பது என்று போய்ச் சொல்லட்டுமா? கூப்பிடாத இடத்துக்கு நான் எதுக்குப் போகணும்? மாட்டட்டும். நல்லா மாட்டிக்கட்டும் — சே, என்ன மனசு இது.

ஏப்ரல் 30

மாடியில் சத்தமே இல்லை. முடித்துவிட்டார் போலிருக்கிறது.

நவம்பர் 14

படம் இன்று வெளியானது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் காலைக் காட்சிக்குப் போனேன். படம் ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் டிக்கெட் வாங்கினேன். இடைவேளையில் எல்லோரும் எழுந்து போனார்கள், நான் எழவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் இப்படி உட்கார்ந்ததே இல்லை. விளக்கு அணைந்தபோது என்னை அறியாமல் வேண்டிக்கொண்டிருந்தேன் — சொதப்பிடாதீங்கக்கா.

சொதப்பவில்லை. செத்த அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி வேலைக்குப் போகிறான், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன், "ரெண்டாம் பாதி நல்லா இருக்குக்கா." உண்மை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 17

எனக்கென்று ஒரு புதுக் கதை, முதல் காட்சி எழுத உட்கார்ந்தேன். ஒருத்தி பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். எங்கே போகிறாள்? தெரியவில்லை. அக்காவைக் கேட்கலாம் என்று எழுந்து மாடிக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"சும்மாதான்கா."

கீழே வந்து, பஸ் ஏறியவளுக்கு நானே கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.