வரிசை மாறாத பட்டியல்

மார்ச் 4
என் நிரல் மறுபடி பாதியில் நின்று விழுந்தது. மருத்துவமனைத் தொலைபேசி மேசையில் அக்காவுக்கு வேலை. அவளுக்குக் கண் தெரியாது. காத்திருக்கும் அழைப்புகளை அவள் காதில் வாசிப்பது நான் எழுதிய அந்தக் கணினி நிரல்தான். வாசிக்கும்போதே யாராவது போனை வைத்துவிட்டால் பட்டியல் குலைந்து நிரல் செத்துவிடுகிறது. அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னால் போய்விடுமோ?

மார்ச் 5
அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் - எல்லோருக்கும் அவர் 'சித்தப்பா' - என் திரையை எட்டிப் பார்த்தார். "வாசிச்சுக் காட்டச் சொல்லி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் குடுக்குற பட்டியலை நீயே ஏம்மா எழுதுற? அதுக்குன்னே ஏற்கெனவே எழுதிவெச்ச நிரல், லைப்ரரி இருக்கு. ஒரே வரியில கூப்பிட்டுக்கலாம்."
வாரக்கணக்கில் எழுதியது ஒரே வரியா? சுருக்கென்றது. வேண்டாம் என்றேன்.

மார்ச் 6
மேலாளர் அக்காவிடம், "மெஷின் மேல பழி போடாதீங்க" என்றாராம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் வீம்பு அவளுக்குச் சோறு போடுமா?

மார்ச் 7
லைப்ரரியைப் போட்டாயிற்று. வீட்டில், அது வாசிக்கும் நடுவிலேயே அழைப்பைத் துண்டித்துத் துண்டித்துப் பார்த்தேன். நிரல் விழவில்லை. இருந்தும் மனம் ஒரு நிலையில் இல்லை.

மார்ச் 10
மதியம் அக்கா: "விழலடி. ஆனா காலையில சொன்ன அதே நாலு பேரையே இன்னும் சொல்லிட்டிருக்கு."
தலையில் இடி. லைப்ரரி தருவது, செய்த நொடியில் எப்படியோ அப்படியே நிற்கிற பட்டியல். அதனால்தான் குலையவில்லை. அழைப்பு மாறும்போதெல்லாம் புதிதாக ஒன்று செய்து கொடுக்க வேண்டும். நான் தொடக்கத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். எத்தனை நோயாளிகள் காத்துக் கிடந்தார்களோ! மூளை எங்கே போச்சு எனக்கு?

மார்ச் 11
திருத்தி அனுப்பினேன். சித்தப்பாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மார்ச் 13
திருத்தியது சரியாக ஓடுகிறதா என்று அக்கா இன்னும் சொல்லவில்லை. கேட்கப் பயம்.

மார்ச் 14
இன்றுதான் அக்காவின் வேலை பற்றி மேலாளர் முடிவு சொல்லும் நாள். பொறுக்க முடியாமல் மருத்துவமனை எண்ணுக்கே அடித்தேன்.
"வணக்கம். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. லைன்ல இருங்க."
"அக்கா, நான்தான்."
"தெரியும். தங்கச்சின்னாலும் வரிசைதான்."
காத்திருந்தேன். முன்னால் இருந்த ஒருவர் பேசி முடித்தார், இன்னொருவரும் முடித்தார். பிறகு அவள் குரல், அலுவல் தொனியிலேயே:
"சொல்லுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து இங்க நிரந்தரமா நான்தான் எடுப்பேன்."