ஆநிரை உண்ட உப்பு

வான் பிழையாது பொழிக! வயல் பொய்யாது விளைக! வெள்ளாறு இரு கரையும் தொட்டு ஓடும் நீள்வயல் நாடுடைய, கொடையில் தளராக் கையினரான செழுங்கோ வேந்தரின் திருமுன்பு, கற்பாழி நாட்டு அரசி செவ்வேணியாரின் முதலமைச்சன் வெண்ணாகன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அரண்மனையும் நெற்களமும் கன்றோடு கூடிய தொழுவங்களும் நலமே பொலிக.

நேற்று எம் எல்லைக் குன்றில் போர்முரசு ஒலித்ததும், அது கேட்டுத் தங்கள் படை ஆற்றங்கரையில் அணிவகுத்ததும் அறிவோம். அருள்கூர்ந்து ஆற்றைக் கடக்க வேண்டா. முரசு ஒலித்த காரணத்தைக் கேட்டால் தாங்களே சிரிப்பீர்கள்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உடன்படிக்கைக்காகத் தாங்கள் விடுத்த தூதர் இளஞ்சாத்தனார், வழக்கப்படி குதிரையும் வாளுமின்றி, எம் அரசியாருக்கு வழங்க வேண்டிய உப்பு மூட்டையைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார். வாய்க்கால் நீரில் கால் நனைத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உற்சாகமாக எம் மேய்ச்சல் நிலத்தில் நுழைந்தார். அங்கே எம் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எந்த மன்னர் அவையிலும் நா குழறாத அம்மனிதருக்கு மாடென்றால் மட்டும் குலைநடுக்கம் என்பதைத் தாங்கள் எமக்கு முன்பே தெரிவித்திருக்கலாம்!

ஒரு செவலைப் பசு மூட்டையை மோப்பம் பிடித்து அருகே வர, அதைச் சமாதானப்படுத்த எண்ணி அவர் ஒரு பிடி உப்பை அள்ளி நீட்டிவிட்டார். மற்றவை சும்மா இருக்குமா? மந்தை முழுதும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. அவர் வந்த வழியே திரும்பி ஓட்டமெடுத்தார். அவையும் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடின, நீள்வயல் எல்லையை நோக்கி.

ஒரு நாட்டின் ஆநிரையை மற்றொரு நாட்டார் ஓட்டிச் செல்வதே நம் இரு நாட்டிலும் போருக்கு அழைப்பு. குன்றின்மேல் நின்ற காவலர் வேறென்ன நினைப்பர்? முரசறைந்தனர். வேலேந்திய வீரர் பாய்ந்து சென்று பார்த்தால், தூதர் எல்லைக்கல்லின்மேல் ஏறி நின்று நடுங்குகிறார். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய உப்பைப் பசுக்கள் நக்குகின்றன. தம் தலையை வெட்டுவதாயினும் பிறகு வெட்டுக, முதலில் இம்மாடுகளை விரட்டுக என்று அவர் எம் படைத்தலைவரை இரந்து வேண்டினாராம். வீரர்கள் வேல்களை ஊன்றிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர்.

ஆயினும் எம் அவைக்கு வந்தபோது தூதர் முகம் வாடியிருந்தது. ஒருவர் உப்பை மற்றவர் உண்ணாமல் உடன்படிக்கை இல்லை என்பது முன்னோர் வகுத்த முறை. வெறுங்கையோடு திரும்பினால் போர் நிச்சயம், அதற்குத் தாமே காரணம் என்று சொல்லி அவர் கண்ணீர் விட்டார். எமக்கும் நெஞ்சு கனத்தது. அரசியார் மட்டும் முறுவலித்து, அப்பசுக்களைக் கறந்து பாலை அவைக்குக் கொணருமாறு பணித்தார். முதற்குவளையைத் தாம் பருகி, அடுத்ததைத் தூதருக்கு அளித்து, நீள்வயலின் உப்பைத் தாம் உண்டாயிற்று என்றும், இனி நீள்வயல்மேல் கற்பாழியின் வாள் உயராது என்றும் அவையறிய மொழிந்தார். தூதர் சிரித்த சிரிப்பில் மீசையெல்லாம் பால்.

ஆகவே உடன்படிக்கை நிறைவேறியது. எம் முரசின் வார்களை அவிழ்த்துவிட்டோம். இவ்வோலை கண்டவுடன் தாங்களும் படையைத் திருப்பி, வீரர்களை அறுவடைக்கு அனுப்புக. இஃது அரசியார் திருவாய்மொழிப்படி எழுதி, மான் முத்திரை பொறித்தது.

அடுத்த ஆண்டுக்குரிய உப்பையும் இளஞ்சாத்தனார் தோளிலேயே, நடையாகவே அனுப்புக என்பது அரசியாரின் விருப்பம். பசுக்களின் விருப்பமும் அதுவே.