அஸ்திவாரத்தில் போட்ட கல்

செவ்வாய், பிப்ரவரி 11

துருக்கியில் எடுத்த கல்லை இன்று காலை கோவிலம்பாக்கத்தில் புது வீட்டு அஸ்திவாரத்தில் போட்டேன். சர்ச்சிலிருந்து யாத்திரை போய் வந்த மற்றவர்கள் யோர்தான் நதித் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். மேஸ்திரி அதன்மேல் கான்கிரீட்டைக் கொட்டி, "கெட்டியா கீதுக்கா, இனிமே ஆடாது" என்றார்.

குளிர்காலத்தில், கல்லை எடுத்த அந்த மத்தியதரைக் கடலோர ஊரில் எங்கள் யாத்திரைக் குழுவைத் தவிர ஆளில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. இடிந்த தூண்களுக்கு நடுவே கடற்காற்று மட்டும் வீசியது. எதையும் எடுக்கக் கூடாது என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். ஆனாலும் இலை செதுக்கிய அந்தத் துண்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள் நான்!

மாலையில் யாத்திரைக் குழு வாட்ஸ்அப்பில் பாஸ்டர் கேட்டார்: "அங்க ஒரு கல்லைக் காணோமாம். எடுத்தவங்க கொடுத்துடுங்க, திருப்பி அனுப்பிடலாம்." எல்லோரும் இல்லை என்றார்கள். நானும், "நாங்க எடுக்கல பாஸ்டர்" என்று போட்டேன்.

என் வீட்டுக்காரர் மேலே இருந்த பாஸ்டரின் செய்தியைப் படிக்காமலே, காலையில் எடுத்த அஸ்திவாரப் படங்களை அதே குழுவில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். இப்போதுதான் பார்க்கிறேன். மூன்றாவது படத்தில் என் உள்ளங்கை. அதில் அந்தக் கல், இலை நரம்புகூடத் தெரிகிறது.

பாஸ்டர் ஏதோ டைப் செய்துகொண்டிருக்கிறார்.