நீ போட்டுக் கொடுத்த வழி

பெருங்களத்தூர்,
23-11-2009, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி ஹர்ஷாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைக் காலம் என்பதால் முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. அங்கே நீயும் ரமாவும் குழந்தை ஸ்நேகாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் மூன்று நாள் விடாமல் கொட்டித் தீர்த்ததில் பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டது. நம் அடுக்ககத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் இரண்டாவது மாடிதானே, சமாளித்துக்கொள்கிறேன்.

மெயில் அனுப்பாமல் அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். கடைசி வரை படி, தெரியும்.

இரண்டு ஞாயிறாக நான் விளையாட வரவில்லை. நீ போன் செய்தபோது லைன் சரியில்லை என்றேன். அது பொய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் நீ வந்தபோது அந்த கேம் பெட்டியை என் டி.வி.யில் மாட்டிக் கொடுத்தாய். அறுபத்திரண்டு வயதில் எனக்கு எதற்கு இது என்று நினைத்தேன். ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே காலையில் எழுந்த கையோடு ஸ்நேகா, "தாத்தா, ரெடியா?" என்று காதுக்குள் கேட்கும்போது அந்த வாரமே அதற்காகத்தான் விடிந்தது போல இருக்கும். அவள் பச்சைக் கார், நான் மஞ்சள் கார். ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை.

பிறகு நீ கேமுக்குத் திறந்து கொடுத்த அமெரிக்கக் கணக்கு, இந்தியாவிலிருந்து வருகிறாய் என்று சொல்லி என்னை உள்ளே விட மறுத்தது. வி.பி.என். போட்டால் அமெரிக்காவிலிருந்து வருவது போலக் காட்டும் என்று நீதான் சொன்னாய். எனக்கு ஆராயாமல் எதிலும் கை வைக்கும் வழக்கமில்லை. நம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாசீனிடம் போனேன். இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஸ்நேகா மூன்று சுற்று முடித்தபோது என் கார் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. மாதச் சந்தாவில் வேறு இரண்டு இருந்தன. எது நல்லது என்று கேட்டதற்கு யாசீன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சார், வேகத்த அப்புறம் பாருங்க. வழி வுடுறவன் யாரு, அவனுக்கு அதுல இன்னா கீதுன்னு மொதல்ல பாருங்க. உங்க வூட்லேர்ந்து போறது எல்லாம் அவன் கையத் தாண்டித்தான் போவும்."

அன்று ராத்திரி உனக்குப் போன் செய்தேன். "எதுக்குப்பா யாரோ ஒருத்தன்ட்ட போகணும்? இங்க இருக்கற என் மெஷின்லயே போட்டுத் தரேன். உங்களுக்கு என்னை விட நம்பிக்கையான ஆள் யாரு?" என்றாய். நானும் அதைத்தான் நினைத்தேன். மறுநாள் யாசீனிடம் போய், "என் பிள்ளையே போட்டுத் தருகிறான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு ஞாயிறு நீ போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். நீ சொன்ன எண்களைக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். கேம் பெட்டிக்குள் நேரடியாக வி.பி.என். போட முடியாது, கம்ப்யூட்டரில் போட்டு அங்கிருந்து கேபிள் இழுக்க வேண்டும் என்றாய். "கம்ப்யூட்டர்ல எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்பா" என்றாய். அப்படியே விட்டேன். மார்ச்சிலிருந்து என் வீட்டிலிருந்து போன ஒவ்வொரு எழுத்தும் உன் மெஷினைத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது.

இனி நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் நான் சொல்லி நீ கேட்க வேண்டும்.

அமலராணி டீச்சரை எனக்கு ஏரிக்கரை நடையில் பழக்கம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர். அவர் மெயிலில் கணக்குப் புதிர் அனுப்புவார், நான் விடை எழுதுவேன். தப்பாக எழுதினால் மார்க் போடுவார். அப்படியே மற்ற விஷயங்களும் எழுத ஆரம்பித்தோம். நேரில் பேச இருவருக்கும் கூச்சம். உன் அம்மாவின் புடவைகளைப் பீரோவிலிருந்து எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கினேன், பாதியில் கை ஓடவில்லை என்று ஒரு நாள் அவருக்கு எழுதினேன். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. செப்டம்பரில், இனி இருக்கும் காலத்தை ஒரே வீட்டில் கழிக்கலாமா என்று கேட்டேன். தீபாவளி போகட்டும், சொல்கிறேன் என்று பதில் வந்தது.

தீபாவளி போயிற்று. பதில் வரவில்லை. நடக்கவும் அவர் வரவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நீ அவருக்கு அனுப்பிய மெயில். ஒரு பிழை இல்லாத இங்கிலீஷ். என் அப்பா தனிமையில் இருக்கிறார், நிதானமாக யோசிக்கும் நிலையில் இல்லை, அவரை விட்டு விலகிவிடுங்கள் மேடம் என்று எழுதியிருந்தாய். அதுகூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே, "எங்கள் அம்மாவின் புடவைகளை மூட்டை கட்ட வைத்துவிட்டீர்கள்" என்று இருந்தது.

அந்த வரியை மறுபடி படித்தேன். புடவை விஷயம் நான் டீச்சருக்கு எழுதிய மெயிலில் மட்டும்தான் இருந்தது. டீச்சர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

பாஸ்வேர்டு எப்படியோ வெளியே போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உன் மேல் சந்தேகப்பட மனசு வரவில்லை. யாசீனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். என் மெயில் உறையில்லாத கார்டு மாதிரி போகிறது, வழியில் நிற்பவன் படிக்கலாம் என்றான். தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்குமா என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன், ஹர்ஷா.

"அதுவா தெரியாது சார். உக்காந்து தேடினாத்தான் தெரியும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தான். வேண்டாம் என்று சொல்லி நானே பிடுங்கினேன்.

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவன் நான். லைனைச் சோதிக்க ஹெட்போன் வைத்தால் யார் பேச்சும் காதில் விழும். குரல் கேட்டதும் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் அப்படி வைத்த லைனில் உன் அம்மாவின் குரல். தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள். அழுகிற குரல். என் பேரைச் சொன்னாள். நான் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். ஒன்றுமில்லையே என்றாள். என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

என் மேலும் தப்பு இருக்கிறது. பொங்கலுக்கு நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பயந்தேன் என்றே வைத்துக்கொள். என்னிடம் கத்தியிருக்கலாம் நீ. ஊரைக் கூட்டியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்நேகாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா, இன்னிக்கு நன்னா ஓட்டறேள்" என்றாயே, அதற்கு முன்தினம்தானே என் எழுத்தைப் படித்திருப்பாய்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்தது எப்படி என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன். என் பிள்ளைதான் படித்தான் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க பையன் சொன்னதுக்காக நான் ஒதுங்கல சார். அவருக்கு ஒரு பதில் எழுதி வச்சிருந்தேன், அனுப்பல. ஆனா நான் உங்களுக்குன்னு எழுதினதை இன்னொருத்தர் உட்கார்ந்து படிச்சிருக்கார். இப்ப எழுத உட்கார்ந்தா, அவரும் பக்கத்துல உட்கார்ந்து இருக்கிற மாதிரி இருக்கு. எழுத வரல" என்றார்.

இப்போது மறுபடி நடக்க வருகிறார். மழையைப் பற்றிப் பேசுகிறோம். புதிர் எதுவும் அனுப்புவதில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. இனி அதை நான் திரும்பக் கேட்கப் போவதில்லை. கேட்கும் உரிமையை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாய்.

நீ அவருக்கு மன்னிப்பு மெயில் எதுவும் அனுப்பிவிடாதே. பொங்கலுக்கு வந்தால் நேரில் போய்ச் சொல். என்னோடு வர வேண்டாம், தனியாகப் போ. வீடு ஏரிக்குக் கீழே இரண்டாவது தெரு, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

ஸ்நேகாவிடம் தாத்தா வீட்டில் லைன் சரியில்லை என்று நீயும் சொல்லியிருப்பாய். என் பொய்யை நீ சுமக்க வேண்டாம். தாத்தாவுக்கு உன் அப்பா மேல் கோபம், உன் மேல் துளியும் இல்லை என்று சொல்லிவிடு. எட்டு வயசுக் குழந்தை, ஏன் என்று கட்டாயம் கேட்பாள். அவளுக்கு நீ சொன்ன பதிலை, ஒரு வார்த்தை மாற்றாமல் எனக்கு எழுது.

குளிர் அதிகம் என்கிறாய், குழந்தைக்குக் காதை மூடி அனுப்பு. ரமாவுக்கு என் ஆசிகள். உனக்கும்தான்.

அப்பா,
கஸ்தூரிரங்கன்.