அழிப்பதற்கு ஓர் எழுத்து

மார்ச் 3

இன்று ஓர் எழுத்துக்காக நாலு பேர் அரைநாள் உட்கார்ந்தோம். நாங்கள் நாவல்களை வாசித்துப் பதிவு செய்து விற்கிற கம்பெனி. பதிவில் சேரும் குப்பைகளைக் கழிக்க நான் ஒரு கருவி எழுதியிருக்கிறேன். பொத்தானெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, பின்னால் ஒரு கோடும் ஓர் எழுத்தும் போட வேண்டும். எவையெல்லாம் அழியும் என்று காட்டுவதற்கு ஓர் எழுத்து, நிஜமாகவே அழிப்பதற்கு ஓர் எழுத்து.

மேலாளர் தீர்ப்பு சொன்னார்: "ஷோவுக்கு -s, டெலீட்டுக்கு -d. குழந்தைக்குக்கூடப் புரியும்."

"சார், கீபோர்டுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அழிக்கறதுக்கு மட்டும் முழு வார்த்தை அடிக்கட்டுமே."

"அவசரத்துல யாரும்மா முழு வார்த்தை அடிப்பாங்க?"

"அவசரத்துல அழிக்க வேணாம்னுதான் சொல்றேன்."

'அழிக்கவா?' என்று ஒரு தடவை கேட்கவாவது வைக்கலாமே என்றேன். மெஷின் கேள்வி கேட்டால் எரிச்சலாக இருக்குமாம். மனுஷி கேட்டாலே அவருக்கு அப்படித்தான்.

மார்ச் 4

வடிவமைப்பாளரின் ஓட்டும் -d க்கே. அதன் தொப்பை திரையில் அழகாக இருக்கிறதாம்.

மார்ச் 9

ஒலித்தொகுப்பாளர்களுக்குக் கருவியைக் கற்றுக்கொடுத்தேன். தலைமைத் தொகுப்பாளர் வேறு யாருமில்லை, என் நாத்தனார். வீட்டில் அவர் கீழே, நாங்கள் மாடி. ஆபீசில் எதிரெதிர் அறை. பேச்சு மட்டும் மருந்து மாதிரி, அளவாக.

"எழுத்து மாறிப்போனா?"

"போனது போனதுதான், அண்ணி."

"இப்படி ஒண்ணை யாரு வெச்சது?"

மேலாளர் பக்கத்திலேயே நின்று சுவரை ரசித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நான்தான் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார், முகத்தில் தெரிந்தது. சந்தோஷம்.

மார்ச் 17

எங்களுக்காக நாவல் வாசிக்கும் மூத்த வாசகிக்கு அடுத்த வாரம் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் திரும்புமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. "இந்தப் புத்தகத்தை முடிச்சுட்டுப் போயிடறேன்" என்று வந்து, கடைசி அத்தியாயத்தை இன்று வாசித்துவிட்டுப் போனார்.

மார்ச் 18

போச்சு.

அண்ணி -s அடிக்க நினைத்தார். விரல் -d யில் விழுந்தது. நேற்றைய பதிவுகளில் எதற்கும் 'தேர்ந்தது' என்று இன்னும் குறி போடவில்லை. குறி இல்லாததெல்லாம் என் கருவிக்குக் குப்பை. வாரக்கடைசியில்தான் நகல் எடுப்போம். கடைசி அத்தியாயம் எங்கேயும் இல்லை.

திட்டுவார் என்றுதான் அவர் அறைக்குப் போனேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா முகத்தில எப்படி முழிப்பேன்?"

ஐயோ, நான் அன்னிக்கே இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணும். கத்தியிருந்தா மட்டும்?

மார்ச் 19

மேலாளரின் மின்னஞ்சல், எல்லோருக்கும்: 'மனிதத் தவறு.' எந்த மனிதர் என்று சந்தேகம் வரக்கூடாதே, அண்ணியின் பெயரையும் போட்டிருந்தார். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்தாயிற்று.

கூட்டத்தில் என் மடிக்கணினியை அவர் முன்னால் நகர்த்தினேன். "சார், இதுல போன வாரம் வரைக்கும் எடுத்த பதிவு முழுக்க இருக்கு, எதுக்கும் குறி போடலை. நீங்க -s அடிச்சுக் காட்டுங்க. வேகமா, திரையைப் பார்த்துக்கிட்டே."

அவர் கை கீபோர்டுக்கு மேலே வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"நான் எதுக்கும்மா அடிக்கணும்?" என்று கையை எடுத்துக்கொண்டார்.

வடிவமைப்பாளர் மடிக்கணினியை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

மார்ச் 20

வாசகியிடம் போனில் சொல்லலாம் என்றார்கள். அண்ணி கேட்கவில்லை. நேரில் போனார், நானும் கூடப் போனேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இறங்கும்வரை இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

வாசகி முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு வலிக்குப் பயந்து ஓட்டமா ஓட்டிட்டேன். எனக்கே பிடிக்கலை. நாளைக்கு வரவா?" என்றார்.

அண்ணி வாசலுக்கு வந்துதான் அழுதார்.

மார்ச் 21

வந்தார். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, வெந்நீர் குடித்து, வாசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி வரிவரியாகக் குறி போட்டுக்கொண்டே இருந்தார். நான் நகல் எடுத்தேன். திரும்பவும் எடுத்தேன்.

மார்ச் 26

புதிய சுற்றறிக்கை. அழிப்பதற்கு இனி ஒற்றை எழுத்து கிடையாது, முழு வார்த்தை அடிக்க வேண்டும். கருவியும் ஒரு தடவை கேட்கும். 'மேலாளரின் தொலைநோக்கில் உருவான பாதுகாப்பு ஏற்பாடு.' அவர் தொலைநோக்குக்குப் பக்கத்துப் பொத்தான்தான் தெரியவில்லை. அண்ணியின் பெயரைப் போட்டதற்கு மன்னிப்பு எதுவும் அதில் இல்லை.

ஏப்ரல் 5

சிகிச்சை முடிந்துவிட்டது. வாசகி இப்போது எழுதிக்காட்டித்தான் பேசுகிறார்.

சாயங்காலம் அண்ணி மாடி ஏறி வந்தார். முழு வார்த்தையை அடித்து அடித்து விரல் தேய்ந்துபோகிறதாம்.

"தேயட்டும், அண்ணி."

சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். இயர்போனில் ஒன்றை எனக்குக் கொடுத்தார், இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டார். கடைசி அத்தியாயம். நடுவில் ஓரிடத்தில் குரல் கம்மி, வாசகி லேசாக இருமினார். "இருங்க, வரேன்" என்றார். மறுபடியும் அதே வரியிலிருந்து தொடங்கினார்.

"இதை வெட்டணும்ல?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல வெட்டிட்டேன். இது நம்ம கேக்கறதுக்கு" என்றார் அண்ணி.