லண்டன் என்று சொல்லிப் போன கடற்கரை

இஞ்சருங்கோ,

உங்களுடைய ஒற்றைச் செருப்பு அகப்பட்டது. படம் தேடப் போன இடத்தில்தான் அகப்பட்டது. வருகிற சனிக்கிழமை உங்களுடைய முப்பத்தோராம் நாள். நினைவு மலர் அச்சடிக்கிறவர் நேற்றும் தொலைபேசி எடுத்து, "அக்கா, முன் அட்டைக்குப் படம் இன்னும் வரேல்லை" என்றார். அலுமாரிக்கு மேலிருந்த நீலப் பெட்டியை இறக்கித் திறந்தேன். வெயிலுக்குப் பூசுகிற கிரீமின் மணம் முகத்தில் அடித்தது. நான்கு வருடம் பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் அது அப்படியே இருந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் செருப்பு, அதன் வாருக்குள் இன்னும் மணல். வெளியே, டென்மார்க்கின் இந்த ஒடென்சேயில் மூன்று நாளாக விடாத தூறல்.

செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். பிறகு எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். வந்து இரண்டு வரி எழுதிவிட்டு, கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன். ஓர் இடத்தில் இருக்கத் தெரியாத மனுசன் என்று உங்களை எத்தனை தரம் பேசியிருப்பேன்! அந்த இருப்புக்கொள்ளாத வருத்தத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை எழுதி முடிப்பதற்குள் இன்னும் எத்தனை தடவை எழும்புவேனோ தெரியாது.

படம் இல்லாமலில்லை. மகளின் பட்டமளிப்பு, கோயில் திருவிழா, உங்கள் தொழிற்சாலையின் கிறிஸ்மஸ் விருந்து என்று பெட்டி நிறையக் கிடக்கிறது. எல்லாவற்றிலும் கொம்மூன என்கிற நகரசபை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க நிற்பவர் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். அது என் கைபேசியில் இருக்கிறது. அதைப் போட்டால், இது எந்தக் கடல் என்று கேட்பார்கள். "நான் செத்தாலும் தங்கச்சிக்குத் தெரியக்கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபடியே போய்விட்டீர்கள். உங்கள் தங்கச்சி ஓகூஸ் நகரத்திலிருந்து வந்து பக்கத்து அறையில் இருக்கிறா. நான் என்ன செய்ய, சொல்லுங்கோ.

எங்களுடைய முப்பதாவது கலியாண நாளுக்கு என்று மகள் அந்தப் பயணத்தைப் பதிவு செய்தபோது, இப்படியெல்லாம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை நாங்கள் போன பயணமெல்லாம் கலியாண வீடு, செத்த வீடு, கோயில். கரீபியன் கடலில் ஒரு தீவு, கடற்கரையிலேயே ஹோட்டல், ஒரு கிழமை முழுக்கச் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும் என்றாள். "சும்மா படுக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போவான்? அதை இஞ்ச கதிரையில படுக்கலாமே" என்றீர்கள்.

பிறகு உங்களுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் கிழமை யாழ்ப்பாணத்தில் உங்கள் அண்ணை செத்துப்போனார். விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் தடுத்துவிட்டார். தங்கச்சி தனியே போனா. நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்து கைபேசியில் செத்த வீட்டைப் பார்த்தீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். முடிஞ்சுதோ என்று கேட்டேன். "ம்" என்றீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான்கு மாதம் கழித்து, இனிப் பறக்கலாம், போய் வெயிலில் படுங்கள் என்று அதே டொக்டர் சொன்னார். பயண நாளும் வந்துவிட்டது. அண்ணையின் ஆண்டுத் திவசம் முடியவில்லை. தீபாவளிக்குக்கூட நாங்கள் ஒரு பலகாரம் சுடவில்லை. "அண்ணையின்ரை செத்த வீட்டுக்குப் பறக்க ஏலாதவர், கடலில குளிக்கப் பறந்தவராம் எண்டு கதைப்பினம். தங்கச்சி என்ரை முகத்தில முழிக்கமாட்டா" என்று வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தீர்கள். மகள் டேனிஷில் கத்தினாள். டொக்டரே சொல்கிறார், போகாவிட்டால் இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றாள். கடைசியில் போவது என்று முடிவாயிற்று. ஆனால் எவருக்கும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் லண்டனுக்குப் போகிறோம், என்னுடைய ஒன்றுவிட்ட அக்காவுக்குச் சுகமில்லை.

வேறு எந்த ஊரின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். லண்டனில் சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாணத்துச் சனம் எங்கே இருக்கிறது? அடுத்த நாளே தங்கச்சி ஓகூஸிலிருந்து ரயில் ஏறி வந்து இறங்கினா, கையில் ஒரு கனத்த பையோடு. "நல்லதாப் போச்சு சின்னண்ணை. பெரியண்ணையின்ரை நினைவு மலர் இருபது இருக்கு. லண்டன் ஆக்களுக்கு ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நீங்கள் நேரில குடுத்தால்தான் மரியாதை." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன். அப்படித்தான் உங்கள் அண்ணையும் எங்களோடு கரீபியனுக்கு வந்தார்.

செயின்ட் தோமஸ் தீவு ஒரு காலத்தில் டென்மார்க்கின் கையில் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. டாக்சி ஊருக்குள் நுழைந்தபோது தெருப் பலகையில் டேனிஷ் பெயரைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "இஞ்சேர், இஞ்சையும் வந்திட்டாங்களப்பா!" கடற்கரைக்குப் போனால் எங்களுக்கு இடப்பக்கம் டேனிஷ், பின்பக்கமும் டேனிஷ். பழைய தொடர்பைப் பார்க்க வருகிறவர்களாம். அவர்கள் எல்லாரும் உங்கள் தங்கச்சியின் அயல்வீட்டுக்காரர் போலத் தொப்பியை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டீர்கள்.

கடல் எவ்வளவு வடிவாக இருந்தது! கால் விரல் நகம்வரை தெரிகிற தண்ணீர். நிழலுக்குக் குடை, சாய்ந்து படுக்க இரண்டு கதிரை, கேட்டால் கொண்டுவந்து தருகிற இளநீர். வயோதிபர் இல்லத்தில் இருபது வருடம் மற்றவர்களைப் படுக்க வைத்தவள் நான், முதல் தடவை பகலில் காரணமில்லாமல் படுத்தேன். நீங்கள் படுக்கவில்லை. துவாயை விரித்தீர்கள், மடித்தீர்கள். யாரோ விட்டுப்போன கிளாசுகளைப் பொறுக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். கோணலாக நின்ற கதிரைகளை நேராக்கினீர்கள். "கொஞ்சம் படுங்கோவன்" என்றேன். "நீர் படும். நான் ஒருக்கா நடந்திட்டு வாறன்." ஒரு நாளில் பத்துத் தடவை இதுதான் எங்கள் சம்பாஷணை. எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம் கழித்து ஒரு கிழமை கிடைத்தது, அதிலும் காவல்காரன் மாதிரி நடக்கிறாரே என்று மனதுக்குள் திட்டினேன்.

மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம், டென்மார்க்கில் வேலை முடிந்து தங்கச்சி வீடு திரும்புகிற நேரம். கைபேசி அடிக்கும். "லண்டனில மழையோ சின்னண்ணை?" வியர்வை வழிய வழிய, "ஓமோம், ஒரே மழை" என்பீர்கள். "என்ன அங்க ஒரே இரைச்சல்?" அலை இரைகிறது. "றோட்டில பஸ் போகுது." ஒரு நாள் அலை ஓயாமல் அடித்ததால் பத்துப் பஸ் போயிற்று. நான் துவாயை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "புத்தகங்கள் குடுத்தாச்சோ?" என்று அவ கேட்டதும் உங்கள் முகம் செத்துப்போனது. "குடுக்கிறன், குடுக்கிறன்."

நான்காம் நாள் காலையில் அறைக்குள் நின்று சொன்னீர்கள்: "அண்ணையை அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிட்டு நான் அங்க கடல் பாக்கிறதோ?" ஒரு புத்தகத்தை எடுத்துத் துவாயால் சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்தீர்கள். எங்கிருந்தோ மூன்றாவது கதிரை ஒன்றை மணலில் இழுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவில் போட்டீர்கள். துவாயை விரித்து அதன் மேல் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தீர்கள். அட்டையில் அண்ணை, வேட்டி சால்வையோடு, கடலைப் பார்த்தபடி. எனக்கு வெட்கமாக இருந்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இடப்பக்கத்து டேனிஷ் மனுசிக்கு எழுபது வயதிருக்கும். இன்னும் ஒருவர் வருகிறாரா என்று டேனிஷிலேயே கேட்டா. எப்படிப் பிடித்தாவோ தெரியாது, நாங்கள் டென்மார்க் சனம் என்று. நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். "என் அண்ணன்" என்று டேனிஷில் சொன்னீர்கள்.

அவ அட்டைப் படத்தைப் பார்த்தா. எழும்பித் தன்னுடைய குடையை நகர்த்தி, அந்தக் கதிரையிலும் நிழல் விழும்படி நட்டுவிட்டு இருந்தா. அவ்வளவுதான். நீங்கள் உடைந்துபோனீர்கள். உங்களுடைய தொழிற்சாலை டேனிஷில், இலக்கணம் தடுக்கத் தடுக்க, முன்பின் தெரியாத ஒரு மனுசிக்கு எல்லாவற்றையும் சொன்னீர்கள். எங்கள் வழக்கத்தில் கடைசியாகச் செத்தவரின் வாயில் அரிசி போடுவது என்றீர்கள். உன் பெயரைச் சொல்லி அரிசி போடுகிறோம், பார்த்துக்கொண்டிரு என்று அங்கிருந்து சொன்னார்கள். கைபேசித் திரையில் யாரோ ஒருவரின் கை அரிசியோடு வந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படம் திரும்ப வரவேயில்லை என்றீர்கள். போட்டார்களா, என் பெயரைச் சொன்னார்களா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. மறந்துபோனோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று அவவைக் கேட்டீர்கள்.

நான்கு மாதம் பக்கத்தில் படுத்தவளுக்குச் சொல்லாததை அந்த மனுசிக்குச் சொன்னீர்கள். எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையும் வந்தது, மறைப்பானேன். ஆனால் நீங்கள் ஏன் நான்கு நாளாக மணலை உழுதீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

பிறகு உடுப்போடு எழும்பிக் கடலுக்குள் இறங்கினீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தைக் கழுவும்போது ஒரு அலை வந்து உங்களைக் குப்புறத் தள்ளியது. நான் கத்திக்கொண்டு ஓடி வந்தேன். நீங்கள் இருமிக்கொண்டு எழும்பினீர்கள், ஒரு காலில் செருப்பு இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்களே ஒரு சிரிப்பு! "அண்ணை கொண்டுபோயிட்டார்! சின்னனில இருந்தே என்ரை செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போறவர்!" டேனிஷ் மனுசி என் கைபேசியை எடுத்து அந்த நேரம் பிடித்த படம்தான் அது. அதற்குப் பிறகு வந்து கதிரையில் சாய்ந்து நித்திரையாகிப் போனீர்கள். பின்னேரம்வரை. அந்தப் பயணத்தில் நீங்கள் படுத்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்து, கறுத்த முகத்தை யாருக்கும் காட்டாமல் இரண்டு கிழமை காய்ச்சல் என்று சொல்லி ஒளித்திருந்தோம். இருபது புத்தகத்தையும் ஒடென்சேத் தபாலில் லண்டனுக்கு அனுப்பினோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆண்டுத் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போனபோதும் நீங்கள் அந்த அரிசியைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில்தானே நின்றேன்.

இன்றைக்கு நான் இந்த மேசையில் எழுதிக்கொண்டிருக்கையில் தங்கச்சி வந்து, "படம் எடுத்தாச்சோ அண்ணி?" என்றா. பட்டமளிப்புப் படத்தைக் காட்டினேன். "இதில சின்னண்ணை பயந்துபோய் நிக்கிறார். வேற இல்லையோ?" என் கைபேசி மேசையில் கிடந்தது. நான் எழும்பினேன், இருந்தேன், திரும்பவும் எழும்பினேன். பிறகு, உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எடுத்துக் காட்டிவிட்டேன்.

வாங்கிப் பார்த்தா. "இதுவோ லண்டன்?" என்றா. நான் பட்டமளிப்புப் படத்தை எடுத்து மேசையில் நேராக்கி வைத்தேன். "எனக்குத் தெரியும் அண்ணி. புத்தகம் டென்மார்க் முத்திரையோட வந்தது எண்டு லண்டன் ஆக்கள் அப்பவே சொன்னவை. சின்னண்ணை பொய் சொல்ல வேண்டி வருமெண்டு நான் கேக்கேல்லை. எங்க எண்டுதான் தெரியாது." முத்திரை! நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு பெரிய மடையர்.

அவ படத்தை விரல்களால் பெரிதாக்கிக்கொண்டே போனா. உங்கள் சிரிப்பைத் தாண்டி, என் நனைந்த சட்டையைத் தாண்டி, ஓரத்துக்குப் போய் விரல் நின்றது. "இது… பெரியண்ணையோ? பெரியண்ணைக்கு அங்க கதிரை போட்டவரோ?" பெரியண்ணையின் அந்தக் கதிரைக்கு முன்னால் குந்துகிற மாதிரி நிலத்தில் குந்திவிட்டா. நானும் பக்கத்தில் குந்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியோடு வந்த கையையும், நின்றுபோன படத்தையும் சொன்னேன்.

தங்கச்சி தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அது என்ரை கை அண்ணி. சின்னண்ணையின்ரை பேரைச் சத்தமாச் சொல்லித்தான் போட்டனான், அவருக்குக் கேக்கோணும் எண்டு. அவர் பாத்தவர் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

ஒடென்சேக்கும் ஓகூஸுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? நான்கு வருடத்தில் எத்தனை தடவை வந்து போனா, எத்தனை தடவை நாங்கள் போனோம். ஒரு பொய்யைக் காப்பாற்ற, பெரியண்ணையின் பேச்சு எடுபடும்போதெல்லாம் நீங்கள் எழும்பி நடந்தீர்கள். உங்களுக்கு வேண்டிய பதில் தங்கச்சியாக உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு முன்னால் நின்றது. நானாவது கேட்டிருக்கலாம். உங்கள் ரகசியத்தை மூடிப் பிடித்த கையாலேயே அதையும் மூடிவிட்டேன்.

படத்தை அச்சுக்காரருக்கு அனுப்பியாயிற்று. ஓரத்தை வெட்டவேண்டாம், மூன்று கதிரையும் தெரியவேண்டும் என்று தங்கச்சியே அவரிடம் சொன்னா. செருப்பை நான் பெட்டிக்குள் திரும்ப வைக்கவில்லை. வாசலில், உங்கள் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்த இந்த இருப்புக்கொள்ளாமையோடு அதையும் வைத்துக்கொள்கிறேன்.

இஞ்சருங்கோ, அரிசி போட்டவை. உங்களுடைய பேரைச் சொல்லித்தான் போட்டவை. இனியாவது கொஞ்சம் படுங்கோ.