ஐந்தாவது ஆள்

காலையில் சாயம் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலைத் திறந்ததும் உன் சட்டை வாடை அடித்தது. அந்த வாடையோடு நீ திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவார். நீ ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாய். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சாகும்போது பாதியில் விட்டுப்போன படம் எதிரே நிற்கிறது. வெள்ளிக்கிழமை கண்காட்சி. முடியாத படத்தை மாட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உன் படம் ஒன்று நாலு பேர் பார்வைக்குப் போவது இதுதான் முதல் தடவை. "நீங்க முடிச்சுக் குடுங்கண்ணா, வேற யாரு கீறாங்க?" என்றாள் உன் மனைவி. எப்படி மறுப்பது?

நெட்டுக்குப்பம் கடற்கரையில் நாம் சேர்ந்து வரைந்த நாள் நினைவிருக்கிறதா? நான் அலையில் பாயும் படகை வரைந்தேன். வேகம் தெரியட்டும் என்று பின்னால் சில கோடுகளும் இழுத்தேன். நீ எட்டிப் பார்த்தாய். "இன்னா மாமு, உன் போட்டு பீடி புடிச்சிகினு போவுதா?" வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நீயோ, படகுக்குத் தோள் கொடுத்தபடி அலை தணியக் காத்திருக்கும் ஆட்களை வரைந்தாய். யாருமே அசையவில்லை, பார்க்கிற எனக்கு மூச்சு முட்டியது. எப்படிடா என்றேன். "தெர்ல மாமு. கை போவுது, வுட்டுட்டேன்." இதெல்லாம் ஒரு பதிலா?

அதே காட்சியைத்தான் பெரிய துணியில் தீட்டியிருக்கிறாய். நாலு பேர் முடிந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளுக்குத் தோள் மட்டும். ஒரு வாரமாக அவனோடு மல்லுக்கட்டுகிறேன். கால் சரி, முதுகு சரி, அளவெல்லாம் சரி. ஆனாலும் எண்ணூர் பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரியே நிற்கிறான்.

மத்தியானம் பொறுமை போய்விட்டது. கத்தியை எடுத்து அவனை வறக் வறக்கென்று சுரண்டினேன். உன்னையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஒருவாட்டி சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதாடா?" சோறு கொண்டுவந்த உன் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். வெட்கத்தோடு கத்தியைக் கீழே வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுரண்டிய இடத்தைப் பார்த்தாள். நான் பூசிய நீலம் தோளிலிருந்து படகுவரை தாறுமாறாக இழுபட்டிருந்தது.

"இதுக்கு மேல கைய வைக்காதீங்கண்ணா. இந்த ஆளுதான் தள்றாரு."

அப்படியே அனுப்பிவிட்டேன். மாட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டும்தான், முடியவில்லை. அத்தனை திட்டியும் திருப்பித் திட்ட நீ இல்லையே என்ற கோபத்தில் கொஞ்சம்தான் படத்தில் இறங்கியது. மிச்சம் என் கையிலேயே இருக்கிறது.